ஹவுஸ் ஆஃப் கனக் வழங்கும் சமுத்திர வாசனை

மனிதனுக்கு மூக்கு எதற்காகப் படைக்கப்பட்டது என்ற கேள்விக்கு 1973ஆம் ஆண்டில், பாண்டி பஜாரில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் விடை காணப்பட்டது. அதுவரை மனித குலம் அந்த உறுப்பைக் கண்ணாடி தாங்கவும், மூக்குத்தி குத்தவும், அடுத்தவர் விஷயத்தில் நுழைக்கவும் மட்டுமே பயன்படுத்தி வந்தது. விடை கண்டவர் கனகராஜ். இந்த மாநகரம் அவருக்குச் சிலை வைக்கவில்லை. கடற்கரையில் இடம் காலியில்லாதது காரணமாக இருக்கலாம்.

கனகராஜைத் தையல்காரர் என்று சிலர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களுக்கு அவர் தைத்துக் கொடுப்பதில்லை. ஒரு தீபாவளி சீசன் முழுவதும் பம்பாயில் தங்கியிருந்துவிட்டுத் திரும்பியபோது அவர் ‘டிசைனர்’ ஆகியிருந்தார். கனகராஜ் என்று ரயிலேறிய பெயர் ‘கனக்’ என்று வந்து இறங்கியது. கடைக்கு ‘ஹவுஸ் ஆஃப் கனக்’ என்று பலகை மாட்டினார். ஹவுஸ் என்பது சில தையல் மெஷின்களும் ஓர் ஆளுயரக் கண்ணாடியும் கொண்ட ஒரே அறை. கீழே பாத்திரங்களில் பேர் வெட்டும் சத்தம் நாள் முழுக்க அதற்குப் பின்னணி இசை வழங்கியது.

அவருடைய முதல் சாதனை ஒரு ரவிக்கை. அதன் கைக்குச் ‘சிறகுக் கை’ என்று அவர் பெயர் வைத்தார். போட்டுக்கொண்டவர்கள் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாததால் ‘சிறைக் கை’ என்றார்கள். கோயிலில் கும்பிட முடியவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. ஆகவே அதைப் போட்டிருப்பவர் கார் வைத்திருக்கிறார் என்பது பார்த்தவுடன் ஊருக்குத் தெரிந்தது. அந்த ஒரே காரணத்தால் அது அமோகமாக விற்றது. கார் இல்லாதவர்களும் வாங்கிப் போட்டுக்கொண்டு, பஸ் திரும்பும்போதெல்லாம் பக்கத்திலிருப்பவர் மேல் கண்ணியமாக விழுந்தார்கள்.

அவர் மனைவி தங்கபுஷ்பம் மட்டும் அதைப் போட மறுத்துவிட்டாள்.

“அடுப்புலேருந்து சட்டிய எறக்கணுமா வேண்டாமா? நீங்க வந்து எறக்குவியளா?” என்று கேட்டாள்.

இருவருக்கும் ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். கனகராஜின் தகப்பனார் வாரச்சந்தையில் கருவாடு விற்றவர். அடையாற்றில் வீடு எடுத்த பிறகு கனகராஜ் இதை மறைக்கவில்லை. ‘கடல்சார் வணிகக் குடும்பம்’ என்று கௌரவமாகவே சொல்லி வந்தார். கேட்டவர்கள் கப்பல் என்று நினைத்துக்கொண்டார்கள். அது அவர் குற்றமல்ல.

பெரிய மனிதர்களுக்கு வரும் சோதனை அவருக்கும் வந்தது. பாண்டி பஜாரின் அத்தனை தையல் கடைகளும் சிறகுக் கையைக் காப்பியடித்தன. மேற்கு மாம்பலத்தில் ஒருவர் அக்குளில் ஒரு துண்டுத் துணியைச் சேர்த்துத் தைத்து, கையைத் தூக்கவும் வழி செய்துவிட்டார். இந்த அநாகரிகத்தைக் கனகராஜால் தாங்க முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் மூர் மார்க்கெட்டில் வாங்கிய ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகையில் அவர் ஒரு பேருண்மையைப் பார்த்தார். அங்கெல்லாம் பெரிய டிசைனர்கள் துணியைப் பேருக்குத்தான் விற்கிறார்கள். உண்மையில் விற்பது சென்ட்.

துணியை எவனும் பார்த்து வெட்டிவிடலாம். காற்றை யார் வெட்ட முடியும்?

திருவல்லிக்கேணியில் பரம்பரையாக அத்தர் கலக்கும் கரீமுல்லாவைக் கூப்பிட்டு அனுப்பினார். கரீமுல்லா வந்து, காலியாக இருந்த மெஷின் முன்னால் உட்கார்ந்து, தோல்பெட்டியைத் திறந்தார்.

“சொல்லுங்க சார். ரோஜாவா, மல்லியா, மரிக்கொழுந்தா?”

“பூவே வேண்டாம். பூ வாசனை பூவோட இருக்கட்டும்.”

“அப்ப கஸ்தூரி? ஜவ்வாது?”

“பழசு பாய். இதுவரைக்கும் உலகத்துல யாரும் பூசிக்காத வாசனையா வேணும்.”

கரீமுல்லா தோல்பெட்டியை மூடினார். “யாரும் பூசிக்கலன்னா அதுக்கு ஏதாச்சும் காரணம் இருக்கும் சார்.”

“காரணமெல்லாம் பழைய காலம். நாம நாகரிகம் பண்றோம்.”

முதலில் ‘புதுத்துணி’ வெளிவந்தது. கடையில் பிரித்த புதுப்புடவையின் கஞ்சி மணம். வாங்க வந்த பெண்கள் முகர்ந்து பார்த்துவிட்டு, புடவை வாங்கினால் இது சும்மா வருகிறதே என்றார்கள். அடுத்தது ‘முதல் மழை’. ஈரமண் வாசனை. அதைப் பூசிக்கொண்டு மயிலாப்பூரில் ஒரு மருமகள் வீட்டுக்குள் நுழைந்தபோது, கண் மங்கிய மாமியார், “முதல்ல காலை அலம்பிண்டு உள்ளே வா” என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். மூன்றாவது ‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’. ரயில் முதல் வகுப்பின் ரெக்ஸினும் கரிப்புகையும் கலந்த உயர்தர வாசனை. வாங்கிப்போன ஓர் அம்மாள் மறுநாளே பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். அவருடைய கணவர் படுக்கையில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, “விழுப்புரம் வந்தாச்சா?” என்று கேட்டாராம்.

“சார், எங்க வாப்பா மட்டும் இப்ப உசிரோட இருந்தா, என்னை ஊட்டுக்குள்ள உட மாட்டாரு” என்றார் கரீமுல்லா.

கனகராஜ் கலங்கவில்லை. கலங்காதவர்களுக்குத்தான் காற்று திசை திரும்பும். திரும்பியது.

அடையாற்றில் அவர் தெருமுனையில், தூங்குமூஞ்சி மரத்தடியில், தேசம்மா என்ற மீன்காரப் பெண்மணி தினமும் கடை விரிப்பாள். ஊரூர்க் குப்பத்திலிருந்து கூடையோடு நடந்து வருவாள். வியாபாரம் ஓய்ந்ததும், தங்கபுஷ்பத்துக்கென்று ஒதுக்கி வைத்ததைக் கொடுக்க வீட்டுக்கு வருவாள். அன்றும் வந்தாள். கூடையை இறக்கித் தரையில் வைத்தாள். கூடைக்கு அடியில் தலையில் வைத்திருந்த துணிச் சும்மாட்டை எடுத்து, சுருள் கலையாமல் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்தாள்.

வராந்தாவில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த கனகராஜின் மூக்கில் அது வந்து மோதியது.

உப்பும், வெயிலும், ஈரக் கயிறும், பாசியும், மனுஷத் தலையின் சூடும் கலந்த ஒரு வாசனை. பத்திரிகை கையிலிருந்து நழுவியது. அவருக்கு ஊர்ச் சந்தை தெரிந்தது. சாக்குமேல் பரப்பிய சாளைக் கருவாடு தெரிந்தது. அவரைத் தூக்கிக்கொள்வதற்கு முன்னால், பிள்ளைமேல் வாடை ஒட்டக்கூடாதென்று இரண்டு கையையும் துண்டில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொள்ளும் தகப்பனார் தெரிந்தார். கனகராஜின் கண் நிறைந்துவிட்டது.

தங்கபுஷ்பம் பார்த்துவிட்டாள். “ஒங்க ஐயா நெனப்பு வந்துட்டாக்கும்?”

“தூசி” என்றார் கனகராஜ்.

எழுந்து போய்ச் சும்மாட்டை எடுத்து முகத்தருகே வைத்துக்கொண்டார். மீனை நிறுத்துக்கொண்டிருந்த தேசம்மா நிமிர்ந்து பார்த்துத் திடுக்கிட்டாள்.

“இன்னா நைனா அது, என் சும்மாட்ட மூஞ்சில வச்சிகினு கீற? உடம்பு கிடம்பு சரியில்லியா?”

“தேசம்மா, இதை எனக்குக் கொடுத்துடு. பதிலுக்குப் புதுத்துணி தரேன்.”

“கந்தல் நைனா அது! கடல்தண்ணி, மீன்தண்ணி, என் வேர்வ எல்லாம் ஊறிப்போயி கீது.”

“அதேதான் எனக்கு வேணும்.”

தேசம்மா தங்கபுஷ்பத்தின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். “இன்னாம்மா இது, உன் ஊட்டுக்காரரு?”

“அவுக டிசைனரு” என்றாள் தங்கபுஷ்பம், வியாதியின் பெயரைச் சொல்வதுபோல. “ஒண்ணும் செய்யாது. குடுத்துரு.”

ஒப்பந்தம் ஏற்பட்டது. பழைய சும்மாடு ஊறி முற்றியதும் அதைக் கொடுத்துவிட்டுத் தேசம்மா புதுத்துணி வாங்கிக்கொள்ள வேண்டும். கனகராஜ் ஜப்பான் ஜார்ஜெட் கொடுத்தார். ஜார்ஜெட்டில் சும்மாடு சுற்றி மீன் விற்ற ஒரே பெண்மணி என்ற பெருமை இவ்வாறு தேசம்மாவுக்குக் கிட்டியது. அவள் அதைப் பெருமையாக நினைக்கவில்லை. “வழுக்குது நைனா. காட்டன் குடு” என்றாள். கலைக்கும் மக்களுக்கும் இடையே எப்போதும் உள்ள இடைவெளி அது.

கரீமுல்லா கந்தலைப் பார்த்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இதைப் போட்டா அந்த ஜாடிய அப்புறம் எதுக்கும் தொட முடியாது சார்.”

“புது ஜாடி வாங்கித் தரேன்.”

சந்தன எண்ணெயில் ஊறப்போட்டார். வாரக்கணக்கில் ஊறியது. திறந்த அன்று கரீமுல்லா முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார், சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“தப்பான வேலைதான் சார். ஆனா நல்லா வந்திருக்கு.”

பெயர் ‘அலை’ என்று முடிவாயிற்று. ஆனால் தமிழில் பெயர் வைத்தால் தமிழர்கள் வாங்க மாட்டார்கள் என்பது கனகராஜுக்குத் தெரியும். ஆகவே கடைசியில் கொஞ்சம் வாயைத் திறந்து ‘அலே’ என்று உச்சரிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். பிரெஞ்சு மொழிக்குத் தமிழ் அளித்த முதல் கொடை அதுவே. விளம்பர அட்டையில், “நீங்கள் கரைக்குப் போக வேண்டாம். கரை உங்களிடம் வரும்” என்று அச்சடித்தார்.

வெளியீட்டு விழாவுக்குத் திருமதி காமாக்ஷி தலைமை தாங்கினார். காமாக்ஷி, அடையாறு மகளிர் நாகரிக மன்றத்தின் தலைவி. கணவர் கோட்டையில் பெரிய உத்தியோகம். அவர் எதைப் பூசிக்கொண்டாலும் அடுத்த நாள் அடையாறு முழுக்க அந்த வாசனை வீசும். மணிக்கட்டில் ஒரு துளி தடவி, முகர்ந்து, கண்ணை மூடினார். கீழே பேர் வெட்டும் சத்தம்கூட நின்றுவிட்டது போலக் கனகராஜுக்குத் தோன்றியது.

“அடாடா! மிஸ்டர் கனக், அப்படியே பீச்சுல அலையில கால வச்சிண்டு நிக்கறேன். என்ன போட்டிருக்கேள் இதுல?”

“சமுத்திரம்.”

“வெறும் சமுத்திரமா?”

“கொஞ்சம் சந்தனமும்.”

“சைவம்தானே?”

“தாவர எண்ணெய்தான் ஆதாரம்” என்றார் கனகராஜ். எந்த நிலையிலும் பொய் சொல்வதில்லை என்பது அவர் கொள்கை.

‘அலே’ வென்றது. கச்சேரிகளில் முதல் வரிசை முழுவதும் ‘அலே’ அடித்தது. ஒரு பெண் பார்க்கும் வைபவத்தில் மாப்பிள்ளை, பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே சம்மதம் சொல்லிவிட்டார், நாகப்பட்டினத்துக்காரராம். பம்பாயிலிருந்து கேட்டு எழுதினார்கள். காமாக்ஷி தம் மகள் கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு சின்னப் பாட்டில் கொடுப்பது என்று அறிவித்தார். ஹவுஸ் ஆஃப் கனக்கில் ரவிக்கை தைக்கும் மெஷின்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாட்டில்களுக்கு இடம் செய்தார்கள்.

இப்படி அடையாற்றின் மூக்கு பண்பட்டுக்கொண்டே வந்ததில் ஒரு விளைவு ஏற்பட்டது. பண்பட்ட மூக்குக்குச் சின்ன வாடையும் பொறுக்காது. தெருமுனையில் தேசம்மாவின் கூடையிலிருந்து மீன் வாடை வருகிறது என்பதை மகளிர் நாகரிக மன்றம் கண்டுபிடித்தது. வருஷக்கணக்காக வந்துகொண்டிருந்தது இப்போதுதான் மணத்தது. உடனே அவளை அப்புறப்படுத்தக் கோரி ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். மன்றத்தின் ‘நறுமண ஆலோசகர்’ என்ற முறையில் கனகராஜும் கீழே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. எல்லோரும் போட்ட பேனாவால் அவரும் போட்டார்.

சுகாதார இன்ஸ்பெக்டர் சுப்பராயன் விசாரிக்க வந்தார். சுப்பராயனிடம் ஒரு குறை உண்டு. அவருக்கு மூக்கு வேலை செய்தது. அந்த உத்தியோகத்தில் அது அபூர்வம், இடைஞ்சலும்கூட. அவர் நியாயமாக ஓர் ஏற்பாடு செய்தார். மன்றம் கூடும் நாளில் தேசம்மா கடை போடக் கூடாது. அன்று அவர் வந்து தெருமுனையிலும் மன்றத்திலும் முகர்ந்து பார்ப்பார். வாடை இல்லையென்றால் காரணம் அவள்தான். அவள் போக வேண்டும். அவள் இல்லாமலும் வாடை இருந்தால் அவள் காரணமில்லை. அவள் அங்கேயே உட்காரலாம்.

“அப்டியே ஆவட்டும் சாமி” என்று தேசம்மா ஒப்புக்கொண்டாள்.

மன்றம் காமாக்ஷியின் வீட்டு மாடி ஹாலில் கூடியது. முக்கியமான கூட்டம் என்பதால் உறுப்பினர்கள் அனைவரும் தாராளமாக ‘அலே’ பூசி வந்திருந்தார்கள். கனகராஜ் முன்வரிசையில் வீற்றிருந்தார். சுப்பராயன் படியேறி வந்து, வாசலிலேயே நின்று, ஒருமுறை மூச்சை இழுத்தார். முகம் மாறியது.

“அம்மா, தப்பா நினைக்கக் கூடாது. மீன் வாடை இருக்குது.”

“அதெப்படி? அவ இன்னிக்குக் கடையே போடலையே!” என்றார் காமாக்ஷி.

“அதான் எனக்கும் புரியல. தெருமுனையில ஒண்ணுமே இல்ல. இங்கதான் பலமா இருக்குது.”

ஹாலில் பரபரப்பு ஏற்பட்டது. சோபாவுக்கு அடியில் பார்த்தார்கள். வீணை உறையைக் கழற்றிப் பார்த்தார்கள். ஜன்னலில் படுத்திருந்த பூனையைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். சுப்பராயன் யாரையும் கவனிக்காமல், மூக்கை முன்னால் விட்டு, அது போன வழியே மெல்ல நடந்தார். பூனையைத் தாண்டினார். வீணையைத் தாண்டினார். காமாக்ஷியின் முன்னால் வந்து நின்றார். நின்றபின்தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது.

“இன்ஸ்பெக்டர், இது ‘அலே’” என்றார் காமாக்ஷி.

“அலேன்னா?”

“சென்ட். மிஸ்டர் கனக் தயாரிக்கறது.”

சுப்பராயன் கனகராஜிடம் திரும்பினார். “சார், செய்யறவர் நீங்க. ஒரே வார்த்தைல சொல்லிடுங்க. இது மீன் வாடையா, இல்லையா?”

கனகராஜ் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது இரண்டே எழுத்து. அதற்குள் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. கூடையைக் குப்பத்திலேயே விட்டுவிட்டு வந்து, கீழே காத்திருந்து பொறுமை இழந்த தேசம்மா மேலேயே வந்துவிட்டாள்.

“இன்னா சாமி, வாடை கீதா இல்லியா? சட்டுனு சொல்லு. இருந்தா நான் போயி கடையப் போட்றேன். மீனு கெட்டுப்பூடும்.” சொல்லிக்கொண்டே வந்தவள் மூக்கைச் சுருக்கினாள். “ஐய! இது இன்னா என் சும்மாடு மாரியே கீது?”

காமாக்ஷியின் அருகே போனாள். “இந்தம்மா மேல கீது.” பக்கத்து நாற்காலிக்குப் போனாள். “இந்தம்மா மேலயும் கீது. அட, எல்லாத்து மேலயும் கீது!” இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். “அப்ப எனுக்கும் ஒரு சேர் போடுங்கம்மா. நானும் மன்றத்துல சேந்துக்கறேன். நம்ம எல்லாத்துக்கும் ஒரே வாசனதானே?”

யாரும் சிரிக்கவில்லை. தேசம்மாவின் சிரிப்பும் மெல்ல நின்றது. கனகராஜைப் பார்த்தாள்.

“நைனா, நீதானே வாங்கிகினு போவே. நீயே சொல்லேன்.”

கனகராஜுக்குத் தாம்பூலப் பைகள் நினைவுக்கு வந்தன. பம்பாய் நினைவுக்கு வந்தது. அத்தனை பெண்களும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து நின்று, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தெளிவாகச் சொன்னார்:

“இது சமுத்திரம். மீன் அதில் தற்செயலாக இருக்கலாம்.”

சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள நெடுநேரம் தேவைப்பட்டது.

தேசம்மா “சரி நைனா” என்று மட்டும் சொன்னாள். படியிறங்கிப் போனாள்.

சுப்பராயன் தலையைச் சொறிந்தார். “அப்ப இதே வாடை அந்தம்மா கூடையில வந்தா?”

“அது மீன்” என்றார் காமாக்ஷி.

“ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்குது?”

“வாடை வேற, வாசனை வேற, இன்ஸ்பெக்டர். மாடியில வந்தா வாசனை. ரோட்டுல வந்தா வாடை. எங்காத்துக்காரரைக் கேட்டா இன்னும் விவரமா சொல்லுவார். கோட்டையிலேதான் இருக்கார். கேக்கறேளா?”

சுப்பராயன் கேட்க விரும்பவில்லை.

“இப்ப பாருங்கோ” என்று காமாக்ஷி மூச்சை இழுத்துக் காட்டினார். “அவ போயிட்டா. வாடையும் போயிடுத்து.”

மன்றம் முழுவதும் மூச்சை இழுத்தது. “போயிடுத்து, போயிடுத்து” என்று ஒரே குரலாகச் சொன்னது. சுப்பராயனும் இழுத்தார். ஹாலில் மீன் வாடை முன்பு இருந்தபடியே இருந்தது. “போயிடுச்சு” என்று சொல்லிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

கனகராஜ் வீட்டுக்கு வந்தபோது தங்கபுஷ்பம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கூட்டம் நல்லா நடந்துதா?”

“நடந்தது.”

“நாளையிலேருந்து மீனுக்குச் சைதாப்பேட்டைக்குப் போணும்.” சொம்பில் புளியைக் கரைத்துக்கொண்டே கேட்டாள். “அவ ஒங்ககிட்ட கேட்டாளாமே. நீங்க என்ன சொன்னிய?”

“சமுத்திரம்னு சொன்னேன்.”

தங்கபுஷ்பம் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று ரசச் சோறுதான். ஆனாலும் தொண்டையில் ஏதோ முள் சிக்கியதுபோல் கனகராஜ் அடிக்கடி செருமிக்கொண்டிருந்தார்.

தெருமுனை துப்புரவாயிற்று. தூங்குமூஞ்சி மரத்தடியில் மன்றத்தின் பெயரோடு ஒரு சிமென்ட் பெஞ்சு போட்டார்கள். அடையாற்றின் காற்றைத் தூய்மைப்படுத்திய சேவைக்காகக் கனகராஜுக்கு ‘நறுமணச் செம்மல்’ என்ற பட்டமும் சால்வையும் வழங்கினார்கள். காமாக்ஷி வீட்டுக் கல்யாணத்துக்கு நாள் நெருங்கியது. அப்போதுதான் கரீமுல்லா ஜாடியைச் சாய்த்துக் காட்டினார். தீர்ந்துபோயிருந்தது.

“சும்மாடு கொண்டாங்க சார்.”

சும்மாடு எங்கே இருக்கிறது? கரீமுல்லா வேறு வழிகளில் முயன்று பார்த்தார். வலைக் கயிற்றை ஊறப்போட்டார். கடல்பாசியைப் போட்டார். மனசைக் கல்லாக்கிக்கொண்டு நாலு சாளையையே போட்டார். காமாக்ஷி முகர்ந்து பார்த்துவிட்டு, பாட்டிலை முழங்கை தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார்.

“ஐயய்யோ, மிஸ்டர் கனக், இது மீன்னா நாறறது!”

“அந்தம்மா தலைச்சூடு அதுல இருந்துச்சு சார். அதை நான் எந்தக் கடையில போயி வாங்குறது?” என்றார் கரீமுல்லா.

கனகராஜ் ஒரு பொட்டலம் நல்ல காட்டன் துணியை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனார். வலைகளுக்கு நடுவே பளபளக்கும் ஷூவோடு நின்றவரை, வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்த கங்கம்மா என்ற பக்கத்து வீட்டுக்காரி ஏற இறங்கப் பார்த்தாள்.

“தேசம்மாவா? அவ இப்பல்லாம் எங்கியும் குந்தறது இல்ல. குந்தினா தொரத்தறாங்கோ. தலையில வச்சிகினு அலஞ்சிகினே கீறா. கே.கே. நகர் பக்கம் போயி பாரு.”

‘அலே’யின் தாய் அலைந்துகொண்டிருந்தாள்.

கே.கே. நகரில் புதிது புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. மணல்குவியல்களுக்கும் செங்கல் அடுக்குகளுக்கும் நடுவே கனகராஜ் கேட்டுக் கேட்டு நடந்தார். ஒரு வீட்டுக் கேட்டுக்கு வெளியே, நின்றபடியே, கூடையை இடுப்பில் சாய்த்து வைத்துக்கொண்டு, தேசம்மா ஓர் அம்மாளுக்கு மீன் கொடுத்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் முகத்தில் கோபம் வரவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

“இன்னா நைனா, இம்மாந் தூரம்? அம்மா நல்லா கீதா?”

“நல்லா இருக்கா. தேசம்மா…” பேச வேண்டிய வேறு ஏதோ ஒன்று நெஞ்சுவரை வந்தது. நறுமணச் செம்மல் அதை விழுங்கிவிட்டார். “சும்மாடு வேணும். புதுசு கொண்டு வந்திருக்கேன், பாரு. உனக்குப் பிடிச்ச காட்டன்.”

தேசம்மா கூடையை இறக்கி வைத்தாள். தலையிலிருந்து சும்மாட்டை எடுத்து, ஒரு முறை உதறி, கொஞ்சம் கூச்சத்தோடும் கொஞ்சம் பெருமையோடும் அவரிடம் நீட்டினாள்.

“இந்தா, தாராளமா மோந்து பாரு. இப்ப ஒண்ணும் வராது நைனா. வாட வருதுன்னு நீங்கள்லாம் சொன்னீங்கோ. அதான் தினமும் சோப்பு போட்டுத் தொவச்சிட்றேன். தலைக்கும் சீக்காப் போட்டுக்கறேன். இப்பல்லாம் ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்றதில்ல.”

கனகராஜ் முகத்தருகே கொண்டுபோனார். கடல் இல்லை. வெயில் இல்லை. சந்தை இல்லை. துண்டில் கை துடைக்கும் யாரும் இல்லை. சுத்தமான பார் சோப்பு வாசனை கும்மென்று அடித்தது. அவர் இன்னொரு முறை ஆழமாக இழுத்துப் பார்த்தார்.

“இன்னா நைனா, கண்ணு கலங்குது?”

“தூசி” என்றார் கனகராஜ். இந்தத் தடவை நம்பும்படியாகச் சொல்ல அவரால் முடியவில்லை.

தேசம்மா சும்மாட்டை வாங்கிச் சுற்றித் தலையில் வைத்து, கூடையை ஏற்றிக்கொண்டு, “மீனேய்!” என்று குரல் கொடுத்தபடி அடுத்த தெருவுக்குத் திரும்பினாள்.

மகளிர் நாகரிக மன்றத்தின் தீர்மானம் இவ்வாறு முழு வெற்றி அடைந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் தென்சென்னையில் மீன் விற்றவள்மேல் சோப்பு மணத்தது. மிச்சமிருந்த ‘அலே’ தீரும்வரை, மீன் நாற்றம் நாகரிகமானவர்கள்மேல் மட்டும்தான் அடித்தது.